கனடாவின் பிராந்தியக் கோபம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிந்த மறுநாள் கனடா வரைபடத்தைப் பார்த்தால், புல்வெளி மாகாணங்கள் கிட்டத்தட்ட முழுக்கக் கன்சர்வேட்டிவ் நீலமாகவும், ரொறன்ரோவும் மொன்றியாலும் லிபரல் சிவப்பாகவும் தெரியும். அதைப் பார்த்ததும் எழும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய சந்தேகங்கள் முதலில். சட்டச் சிக்கல்கள் பின்னால்.

1. கனடா அமைதியான நாடுதானே? மேற்கு மாகாணங்களுக்கு அப்படி என்ன கோபம்?

அரசியலில் 'மேற்கு' என்றால் மனிற்றோபா, சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா நான்கும். கோபம் கூடுதலாக இருப்பது நடுவிலுள்ள இரண்டில். அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும் 1905இல் மாகாணங்கள் ஆயின. ஆனால் அவற்றின் அரச நிலத்தையும் கனிமங்களையும் 1930 வரை ஒட்டாவா, அதாவது தலைநகரிலுள்ள மத்திய அரசு, தன் கையிலேயே வைத்திருந்தது. ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் அப்படி ஒரு காத்திருப்பு இருந்ததில்லை. 1867இலேயே தங்கள் நிலத்துக்குத் தாங்களே உரிமையாளர்கள்.

அதற்கும் முன்பே, 1879இல் கொண்டுவரப்பட்ட இறக்குமதித் தீர்வை கிழக்கின் ஆலைகளுக்குப் பாதுகாப்பு தந்தது. மேற்கின் விவசாயி கலப்பையையும் அறுவடை இயந்திரத்தையும் தீர்வையால் ஏறிய விலைக்கு வாங்கினார். கோதுமையை உலகச் சந்தை என்ன விலை தந்ததோ அதற்கு விற்றார். 1947இல் அல்பேர்ட்டாவின் லெடுக்கில் எண்ணெய் பீறிட்டபோது இந்த நினைவுகளெல்லாம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. எண்ணெய்தான் கோபத்தின் தொடக்கம் என்று நினைப்பது தவறு. 'நம்மைப் பற்றிய முடிவை வேறெங்கோ இருந்து எடுக்கிறார்கள்' என்பதுதான் அடிநாதம். அது எண்ணெயைவிட மூத்தது.

2. ஒன்ராறியோ, கியூபெக் எண்ணி முடித்ததுமே பிரதமர் யாரென்று தெரிந்துவிடுகிறதே. அல்பேர்ட்டா ஓட்டுக்கு மதிப்பே இல்லையா?

நாடாளுமன்றத்தில் 343 தொகுதிகள். ஒன்ராறியோவுக்கு 122, கியூபெக்குக்கு 78. இரண்டும் சேர்ந்தால் 200. பெரும்பான்மைக்கு 172 போதும். ஆக, இந்த இரண்டு மாகாணங்களில் பெரிதாக வென்ற கட்சிக்கு மேற்கு தேவைப்படாமல் போகலாம். 1980 பெப்ரவரியில் அதுதான் நடந்தது. பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சி கியூபெக்கில் 75இல் 74 தொகுதிகளை எடுத்துப் பெரும்பான்மை பெற்றது. ஒன்ராறியோவுக்கு மேற்கே கிடைத்தவை இரண்டே இரண்டு, இரண்டும் மனிற்றோபாவில்.

ஆனால் ஓட்டின் எடை குறைவு என்ற குற்றச்சாட்டு அந்த வடிவில் நிற்காது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வகுத்துப் பாருங்கள். அல்பேர்ட்டாவில் ஒரு தொகுதிக்குச் சுமார் 1,15,000 பேர். ஒன்ராறியோவில் சுமார் 1,16,500. சஸ்காச்சுவானில் 81,000 பேருக்கே ஒரு தொகுதி இருக்கிறது. பெரிய விதிவிலக்கு பிரின்ஸ் எட்வர்ட் தீவு: 39,000க்கும் குறைவானவர்களுக்கு ஒரு உறுப்பினர். எந்த மாகாணத்துக்கும் செனட்டர்களைவிடக் குறைவாக உறுப்பினர்கள் இருக்கக்கூடாது என்ற 1915ஆம் ஆண்டு விதிதான் காரணம். அல்பேர்ட்டாவின் ஓட்டுக்கு எடை இருக்கிறது. ஆளும் கட்சிக்குள் ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

3. 2019இல் கன்சர்வேட்டிவ் கூடுதல் ஓட்டு வாங்கியும் லிபரல் எப்படி ஆட்சி அமைத்தது?

கன்சர்வேட்டிவ் 34.3 சதவீதம், 121 தொகுதிகள். லிபரல் 33.1 சதவீதம், 157 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் முதலிடம் வந்தவருக்கு மட்டுமே இடம். ஒரு தொகுதியில் 80 சதவீதம் வாங்கினாலும் 35 சதவீதம் வாங்கினாலும் கிடைப்பது ஒன்றுதான். கன்சர்வேட்டிவ் வாக்குகள் அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் மலையாகக் குவிந்தன. லிபரல் வாக்குகள் ஒன்ராறியோவில் பரவலாக, தேவையான அளவுக்குத் தேவையான இடத்தில் விழுந்தன. 2021இலும் இதே கதை.

இந்த முறை பிராந்தியப் பிளவை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுகிறது. 2025இல் அல்பேர்ட்டாவில் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பேர் லிபரலுக்கு வாக்களித்தார்கள். 37இல் கிடைத்தவை இரண்டு தொகுதிகள். வரைபடத்தில் அந்த 28 பேர் இல்லவே இல்லை. 1993 இதைவிடக் கொடுமை: முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீதம் வாங்கி 2 தொகுதிகளோடு நின்றது; கியூபெக்கில் மட்டும் போட்டியிட்ட புளொக் கெபெக்குவா 13.5 சதவீதத்துக்கு 54 தொகுதிகள் பெற்று, கனடாவைவிட்டுப் பிரிவதே கொள்கையாகக் கொண்ட அந்தக் கட்சி அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆனது. ஓரிடத்தில் குவிந்த கோபத்துக்கு இந்த முறை பரிசு தருகிறது. நாடு முழுக்க மெல்லியதாகப் பரவிய ஆதரவைத் தண்டிக்கிறது. கட்சிகளும் அதற்கேற்பவே நடக்கின்றன. எப்படியும் வெல்ல முடியாத மாகாணத்தில் பணத்தையும் தலைவரின் நேரத்தையும் செலவிடுவதில்லை. அதனால் அங்கே இன்னும் தேய்கின்றன.

4. என்.இ.பி. என்று அல்பேர்ட்டாப் பெரியவர்கள் இன்னும் திட்டுகிறார்களே, அது என்ன?

தேசிய எரிசக்தித் திட்டம். 1980 அக்டோபரில், மேலே சொன்ன 'மேற்கில் இரண்டே தொகுதி' அரசு கொண்டுவந்தது. கனடிய எண்ணெயின் உள்நாட்டு விலையை உலக விலைக்குக் கீழே வைத்தது, மத்திய அரசுக்குப் புதிய எண்ணெய் வரிகளை விதித்தது, 1990க்குள் தொழிலில் பாதியாவது கனடியர் கைக்கு வரவேண்டும் என்று இலக்கு வைத்தது. கிழக்கின் நுகர்வோருக்கு மலிவான எண்ணெய்; அல்பேர்ட்டாவுக்கு வருமான இழப்பு. முதல்வர் பீற்றர் லோகீட் பதிலடியாக எண்ணெய் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்தார். 1981 செப்டம்பரில் உடன்பாடு வந்தது. 1985இல் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் பிரதமர் மல்ரோனியின் அரசு திட்டத்தைக் கலைத்தது.

அந்த ஆண்டுகளில் அல்பேர்ட்டாவில் வீடிழந்தவர்கள் பலர். இருபது சதவீதத்தைத் தொட்ட வட்டியும், பின்னர் உலக எண்ணெய் விலை சரிந்ததும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனாலும் அரசமைப்பில் ஒரு நிலையான தடம் விட்டுச்சென்றது இந்தச் சண்டைதான்: புதுப்பிக்க முடியாத இயற்கை வளங்கள் மீது மாகாணத்தின் அதிகாரத்தை உறுதிசெய்யும் 92அ பிரிவு 1982இல் சேர்க்கப்பட்டது.

5. பழமைவாத அரசு வந்தால் மேற்கு சமாதானம் ஆகிவிடுமே?

ஆகவில்லை. 1986இல் சி.எஃப்-18 போர் விமானங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத்துக்கு வினிபெக்கின் பிரிஸ்டல் நிறுவனம் குறைந்த விலையும் தொழில்நுட்பத்தில் மேலான திட்டமும் தந்தது. மல்ரோனி அரசு ஒப்பந்தத்தை மொன்றியாலின் கனடேர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மேற்கு பெருவாரியாக ஆதரித்த அரசே இப்படிச் செய்ததால் காயம் ஆழமானது. அடுத்த ஆண்டே பிரெஸ்டன் மானிங் தலைமையில் ரிஃபோம் கட்சி பிறந்தது. அதன் முழக்கம் 'மேற்கு உள்ளே வர விரும்புகிறது' என்பது. பிரிவினைக்கு நேர்மாறான முழக்கம் என்பதைக் கவனியுங்கள். 2003இல் அந்த ஓட்டமும் பழைய முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியும் ஒன்றாகின. இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சி அதன் விளைவு.

6. அல்பேர்ட்டாவின் பணத்தைப் பிடுங்கிக் கியூபெக்குக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மையா?

அல்பேர்ட்டா அரசு யாருக்கும் காசோலை எழுதுவதில்லை. வரி திரட்டும் திறன் குறைந்த மாகாணங்களுக்கு ஒட்டாவா தரும் சமன்படுத்தல் கொடுப்பனவு 1957இல் தொடங்கியது. மத்திய அரசின் பொது வருவாயிலிருந்து போகிறது. கல்கரியிலும் ஹாலிஃபக்ஸிலும் ஒரே வருமானம் உள்ள இருவர் ஒட்டாவாவுக்குக் கட்டும் வருமான வரி ஒன்றே. அல்பேர்ட்டாவில் கூடுதல் சம்பளக்காரர்களும் இலாபமீட்டும் நிறுவனங்களும் இருப்பதால் அங்கிருந்து தலைக்குக் கூடுதல் வரி போகிறது. அல்பேர்ட்டா 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்தக் கொடுப்பனவைப் பெற்றதே இல்லை. மேற்கின் உணர்வுக்கு அடிப்படை இருக்கிறது. பணம் போகும் வழியைத்தான் தவறாகச் சொல்கிறார்கள்.

கணக்கு இப்படி: தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, விற்பனை வரி, சொத்து வரி என்ற நான்கிலும், தேசிய சராசரி விகிதத்தில் வசூலித்தால் ஒரு மாகாணம் தலைக்கு எவ்வளவு திரட்ட முடியும் என்று பார்க்கிறார்கள். இவற்றில் உண்மையில் எவ்வளவு வசூலித்தது என்பது கணக்கில் இல்லை; ஐந்தாவதான இயற்கை வள வருவாயில் மட்டும் உண்மையில் கிடைத்த தொகையே கணக்கு. அல்பேர்ட்டா மாகாண விற்பனை வரியே போடாதது அதைப் பாதிக்காது. திரட்டும் திறன் சராசரிக்குக் கீழே இருந்தால் பணம் வரும். 2024-25இல் மொத்தம் 25.3 பில்லியன் டொலர், கியூபெக்குக்கு 13.3 பில்லியன். மொத்தத்தில் பாதிக்கு மேல்தான், ஆனால் தலைக்கு என்று பார்த்தால் பிரின்ஸ் எட்வர்ட் தீவு கியூபெக்கைப்போல் இரு மடங்குக்கு மேல் பெறுகிறது.

நியாயமான விமர்சனங்கள் இரண்டு உண்டு, அவை பொதுவாகக் கூச்சலில் அமுங்கிவிடுகின்றன. ஒன்று: கியூபெக் தன் நீர்மின்சாரத்தை மக்களுக்கு மலிவாக விற்கிறது, அதனால் வளவருவாய் குறைவாகப் பதிவாகிறது. எண்ணெய்க்கு அப்படி மறைய வழியில்லை. இரண்டு: 2009 முதல் மொத்தத் தொகை நாட்டின் உற்பத்தி வளர்ச்சியோடு சேர்ந்து வளர்கிறது. மாகாணங்களுக்கிடையே இடைவெளி சுருங்கினாலும் தொகை சுருங்காது. ஒதுக்கியதை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். 2023-24இல் ஒன்ராறியோ மீண்டும் பெறுநர் பட்டியலில் சேர்ந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இன்றைய சூத்திரத்தின் அடிப்படையை 2007இல் வகுத்தது கல்கரித் தொகுதியிலிருந்து வந்த ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு. ஒரு கட்சியின் சதி என்று இதைச் சொல்ல முடியாது.

7. 2021இல் அல்பேர்ட்டா மக்கள் சமன்படுத்தல் வேண்டாம் என்று வாக்களித்தார்களே, ஏன் ஒன்றும் மாறவில்லை?

ஏறத்தாழ 62 சதவீதம் பேர், சமன்படுத்தலைச் சொல்லும் அரசமைப்பின் 36(2) பிரிவை நீக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவை நீக்க நாடாளுமன்றமும், கூடவே நாட்டின் மக்கள்தொகையில் பாதியையாவது கொண்ட ஏழு மாகாணங்களின் சட்டமன்றங்களும் சம்மதிக்க வேண்டும். 2024-25இல் கொடுப்பனவு பெற்ற மாகாணங்களே ஏழு. அவை தங்கள் வருமானத்துக்கு எதிராகக் கைதூக்கப் போவதில்லை.

இன்னொன்று: அந்தப் பிரிவு கொள்கையை மட்டுமே சொல்கிறது, தொகையும் சூத்திரமும் சாதாரண மத்திய சட்டத்தில் இருக்கின்றன, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உண்மையில் மாற்றம் வேண்டுவோர் அந்தப் புதுப்பித்தலின்போது, 6ஆம் பதிலில் சொன்ன இரண்டு குறைகளையும் முன்வைத்து அழுத்த வேண்டும். அரசமைப்புக் கதவு பூட்டியிருக்கிறது. சட்டக் கதவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறக்கிறது.

8. எண்ணெய்க் குழாய் போட இவ்வளவு சண்டை ஏன்? எல்லா இடத்திலும் ஒரே கட்சி இருந்தால் சுலபமாக முடியுமே?

2018ஐப் பாருங்கள். அல்பேர்ட்டாவில் ரேச்சல் நொட்லி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் ஹோர்கன். இருவரும் புதிய ஜனநாயகக் கட்சி முதல்வர்கள். அல்பேர்ட்டா எண்ணெயைப் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கத்தில் இருவரும் மோதி, அல்பேர்ட்டா அயல் மாகாணத்தின் வைன் இறக்குமதியையே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நிறுத்தியது. எண்ணெய் விற்பவருக்கு வருமானம். கசிந்தால் பாதிப்பு கரையோரத்தவருக்கு. கட்சி அட்டை அதை மாற்றாது.

மாகாண எல்லை தாண்டும் குழாய் மத்திய அதிகாரம். அதனால் எந்த முடிவும் ஒட்டாவா மீதான கோபமாகவே முடிகிறது. 2016இல் நோதன் கேற்வே என்ற குழாய்த் திட்டம் மறுக்கப்பட்டது. 2017இல் எனர்ஜி ஈஸ்ட் குழாய்த் திட்டத்தை நிறுவனமே கைவிட்டது. 2019இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரைக்கு எண்ணெய்க் கப்பல் தடை வந்தது. அதே ஒட்டாவாதான் 2018இல் டிரான்ஸ் மவுன்டனை 4.5 பில்லியன் டொலருக்கு வாங்கி, சுமார் 34 பில்லியன் செலவில் விரிவாக்கி, 2024 மே மாதம் திறந்தது. நாளொன்றுக்கு 3 இலட்சம் பீப்பாயிலிருந்து 8,90,000 பீப்பாய். மேற்கில் இதற்கு நன்றியும் கிடைக்கவில்லை, சுற்றுச்சூழல் ஆதரவாளர்கள் மன்னிக்கவும் இல்லை.

9. கார்பன் வரியை நீதிமன்றமே சரி என்று சொன்ன பிறகும் ஏன் கோபம் தணியவில்லை?

உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் 6-3 என்று, எரிபொருள் மீது இந்த வரியை விதிக்கும் மத்திய அரசின் அதிகாரத்தை ஏற்றது. கோபத்தை மூட்டியது பிந்தைய ஒரு விதிவிலக்கு. 2023 அக்டோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு தரப்பட்டது. அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பது லிபரல் உறுப்பினர்கள் நிறைந்த அத்திலாந்திக் மாகாணங்கள். புல்வெளியில் வீடுகள் இயற்கை எரிவாயுவில் சூடாகின்றன. 'எங்களைப்போல் லிபரல்களைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கும் கிடைக்கும்' என்ற பொருளில் ஓர் அமைச்சர் தொலைக்காட்சியில் பேசியது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. 2024 ஜனவரியில் சஸ்காச்சுவான் எரிவாயு மீதான வரியை வசூலிப்பதையே நிறுத்தியது. நுகர்வோர் கார்பன் வரி 2025 ஏப்ரல் 1இல் முடிவுக்கு வந்தது. எங்கள் கணிப்பில் அந்தக் கொள்கையை வீழ்த்தியது வரியின் அளவைவிட இந்த விலக்குதான். ஒரே விதி எல்லோருக்கும் என்ற அதன் அறம் அன்றோடு போயிற்று.

10. கியூபெக்கின் கோபமும் மேற்கின் கோபமும் ஒன்றுதானே?

இல்லை. கியூபெக் கேட்பது தனித்தேசிய இனம் என்ற ஏற்பும், பிரெஞ்சு மொழிக்குக் காவலும். 1982 அரசமைப்பை அது இன்றுவரை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. சமரசத்துக்காக வந்த மீச் ஏரி உடன்பாடு 1990இலும், சார்லட்டவுன் உடன்பாடு 1992 வாக்கெடுப்பிலும் தோற்றன. 1995 பொதுவாக்கெடுப்பில் பிரிவினை 49.42க்கு 50.58 என்று தோற்றது. வித்தியாசம் 54,288 வாக்குகள்.

இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. கியூபெக்குக்குத் தனித்தகுதி என்றால் மேற்கு 'எல்லா மாகாணமும் சமம்' என்கிறது. குழாய்க்குக் கியூபெக் மறுத்தால் 'எங்கள் பணம் மட்டும் வேண்டுமா' என்கிறது. ஆனால் மாகாண உரிமை என்று வரும்போது இரண்டும் ஒரே பக்கம். உரிமைச் சாசனத்தின் சில பிரிவுகளை ஐந்தாண்டுக்கு ஒதுக்கிவைக்கச் சட்டமன்றங்களுக்கு இடம்தரும் 33ஆம் பிரிவை 1981 பேச்சில் வலியுறுத்தியவர்கள் மேற்கின் முதல்வர்கள். அதை அதிகம் பயன்படுத்தியது கியூபெக்.

11. மொன்றியாலுக்குக் குடிபோகிறோம். பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க விடமாட்டார்களாமே?

தமிழ்க் குடும்பங்களை இந்த அரசியல் நேரே தொடும் இடம் இது. 1977இன் 101ஆம் சட்டப்படி, யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே கியூபெக்கில் குடியேறும் குடும்பத்தின் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குப் போக வேண்டும். கனடாவில் ஆங்கிலத்தில் தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியைப் பெற்ற பிள்ளைக்கு, அல்லது அப்படிப் படித்த பெற்றோரின் பிள்ளைக்கு விலக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் கனடியக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். ரொறன்ரோவில் ஐந்தாம் வகுப்புவரை படித்த பிள்ளை பொதுவாக இதற்குள் வரும்.

தகுதிச் சான்றிதழைப் பள்ளி வாரியம் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பழைய பள்ளியின் பதிவுகளும் குடியுரிமை ஆவணமும் தேவை. நிரந்தர வதிவிட அட்டையோடு மட்டும் போனால் இந்த வழி திறக்காது. பலர் தடுக்கிவிழுவது இங்கேதான்.

12. அல்பேர்ட்டா வாக்கெடுப்பில் 50 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த நாளே தனிநாடா?

இல்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தன்னிச்சையாகப் பிரிய எந்த மாகாணத்துக்கும் உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் மற்றவர்கள் பேச்சுக்கு உட்கார வேண்டிய கடமை உண்டு. 2000இன் தெளிவுச் சட்டப்படி, கேள்வி தெளிவானதா என்பதை நாடாளுமன்றம் 30 நாளில் தீர்மானிக்கும். வாக்கெடுப்புக்குப் பின் பெரும்பான்மை தெளிவானதா என்பதையும் அதுவே பார்க்கும். எத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எண் இல்லை, வேண்டுமென்றே. பிறகு கடன், சொத்து, எல்லை, பூர்வகுடிகளின் உரிமை எல்லாம் பேசி, அரசமைப்புத் திருத்தம் நிறைவேற வேண்டும்.

வாக்கெடுப்பைக் கேட்பது மட்டும் எளிதாகியிருக்கிறது. 2025இல் அல்பேர்ட்டா தன் குடிமக்கள் முன்னெடுப்புச் சட்டத்தைத் தளர்த்தியது: முந்தைய தேர்தலில் விழுந்த வாக்குகளில் 10 சதவீதம், அதாவது 1,77,732 கையெழுத்துகளை 120 நாளில் திரட்டினால் போதும். அதே ஆண்டு பழைய, கடினமான விதியின் கீழ் கனடாவோடு இருக்க வேண்டும் என்று கோரிய மனுவுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. பிரிவினைச் செய்தியை மட்டும் படிப்பவர்கள் இந்த எண்ணைத் தவறவிடுகிறார்கள்.

13. பூர்வகுடிகள் ஏன் இதில் வருகிறார்கள்? அது மாகாண விஷயம் இல்லையா?

அல்பேர்ட்டாவின் நிலம் ஏறக்குறைய முழுவதும் 6, 7, 8ஆம் ஒப்பந்தங்களுக்கு உட்பட்டது: 1876, 1877, 1899. மூன்றும் அல்பேர்ட்டா என்ற மாகாணம் பிறக்கும் முன்பே பூர்வகுடிகள் முடியரசோடு செய்தவை. மாகாணம் அவற்றில் ஒரு தரப்பே அல்ல. 2025 டிசம்பரில் அல்பேர்ட்டா நீதிமன்றம் ஒன்று, முன்வைக்கப்பட்ட பிரிவினைக் கேள்வி ஒப்பந்த உரிமைகள் உள்ளிட்ட அரசமைப்புப் பாதுகாப்புகளை மீறுகிறது என்று தீர்த்தது. ஒப்பந்த மக்கள் கேட்பது எளிய கேள்வி: எங்களோடு கையெழுத்திட்டவர் வேறு, இப்போது எங்கள் நிலத்தோடு கிளம்ப நினைப்பவர் வேறு, எங்களிடம் யார் கேட்டார்கள்? இதற்கு நேர்மையான பதில் சொல்லாத எந்தப் பிரிவினைத் திட்டமும் அரைகுறைத் திட்டம்.

14. தனிநாடானால் ஐ.நா. சட்டப்படி கடலுக்கு வழி கிடைக்கும், குழாயையும் தடுக்க முடியாது என்கிறார்களே?

ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை, கரையில்லாத நாடுகளுக்கு அயல்நாட்டு வழியே கடலை அடையும் உரிமையைத் தருகிறது. ஆனால் எப்படி, எந்த நிபந்தனையில் என்பதை வழிவிடும் நாட்டோடு ஒப்பந்தம் செய்துதான் தீர்மானிக்க வேண்டும் என்று அதே விதி தொடர்கிறது. 'போக்குவரத்துச் சாதனம்' எது என்றும் 124ஆம் பிரிவு வரையறுக்கிறது: ரயில், கப்பலும் படகும், சாலை வாகனம், தேவைப்பட்டால் சுமைகூலிகளும் பொதிவிலங்குகளும்கூட. எண்ணெய், எரிவாயுக் குழாய்களை இரு நாடுகளும் உடன்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தனியாக எழுதியிருக்கிறது.

இன்று குழாய் ஒட்டாவாவின் அதிகாரம். பிரிட்டிஷ் கொலம்பியா எதிர்த்தாலும் ஒட்டாவா விரும்பினால் நடக்கும், டிரான்ஸ் மவுன்டன் அப்படித்தான் நடந்தது. 2025 நவம்பர் 27இல் பிரதமர் மார்க் கார்னியும் முதல்வர் டேனியல் ஸ்மித்தும் கல்கரியில் கையெழுத்திட்ட புரிந்துணர்வு உடன்பாடும், மேற்குக் கரைக்கு நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பீப்பாய்க் குழாய் ஒன்றை அதே அதிகாரத்தை நம்பித்தான் திட்டமிடுகிறது. எல்லைக்கோடு நடுவே விழுந்தால் அந்த அதிகாரம் அல்பேர்ட்டாவின் பக்கம் நில்லாது. மறுபக்கம் வேறொரு நாடு உட்கார்ந்திருக்கும், உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லாமல்.